திகதி குறிக்காத யாழ்ப்பாணப் பயணத்துக்கு வெள்ளவத்தை வாடகைக் கார் சரிவருமா?

கொழும்பு காலி வீதியில் பம்பலப்பிட்டி தொடங்கி வெள்ளவத்தை வரை 'செல்ஃப் டிரைவ்' போர்டுகளுக்குக் குறைவில்லை. அனுராதபுரத்தில் ஒரு இரவு நிற்பதா, திரும்பும்போது வவுனியாவில் திருகோணமலைப் பக்கம் வெட்டுவதா என்பதை ஓடுகிற ஓட்டத்தில் தீர்மானிக்கும் குடும்பத்துக்கு, சாரதியோடு வான் பிடிப்பதைவிட இது தோது. ஆனால் அப்படி இஷ்டத்துக்குப் போய்வர விடுவார்களா என்பது கையெழுத்து வைக்கிற தாளைப் படித்தால்தான் தெரியும்.

பல இடங்களில் நாளுக்கு 100 கிலோமீட்டர்தான் கணக்கு. யாழ்ப்பாணம் ஒரு வழிக்கே சுமார் 400. ஐந்து நாளைக்கு எடுத்தால் கிடைப்பது 500. போய்வர 800, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று சுற்றினால் 1,000ஐத் தொடும். மிச்ச 500க்கும் மேலதிகக் கட்டணம் ஓடும், பில்லை ஏற்றுவது அதுதான். கிலோமீட்டரை முழுப் பயணத்துக்கும் சேர்த்துப் பார்ப்பார்களா என்று முதலே கேளுங்கள். நாள்நாளாகப் பார்க்கிற இடத்தில், கார் வீட்டு வாசலில் நின்ற நாளின் 100 வீண். அப்படிப்பட்ட கடை இந்தப் பயணத்துக்கு வேண்டாம். ஒரு நாள் கூட்டினால் அதே வாடகையா, எப்போதைக்குள் சொல்ல வேண்டும், பிந்தினால் மணித்தியாலக் கணக்கா முழு நாளா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் கேட்டால் எல்லாரும் "பிரச்சினையில்லை, பாப்பம்" என்றுதான் சொல்வார்கள்.

அடுத்தது காப்புறுதி. தனிப்பட்ட பாவனைக்கென்று எடுத்த காப்புறுதியோடு வாடகைக்கு ஓடும் கார்களும் உண்டு. விபத்தென்றால் காப்புறுதிக் கம்பனி இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது. வாடகைப் பாவனைக்கும் செல்லுமா என்று பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் கிளம்பிவிடலாம். வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியையும் பாருங்கள்.

பெற்றோல் செலவுக்கு டொயோட்டா அக்வா போன்ற, பெற்றோலோடு பெற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் நல்ல தெரிவு. பின் சீட்டோரம் பெற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும். அதில் தூசி அடைத்திருந்தாலோ, பையை அதோடு ஒட்டி வைத்தாலோ, வன்னி வெயிலில் பெற்றரி சூடேறி இழுவை குறையும். ரயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியதென்றால் மாற்றித் தரச் சொல்லலாம். ஸ்பெயார் சில்லு இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்தே பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த பல கார்களில் அதற்குப் பதிலாகப் பசைப் போத்தலும் சின்னக் காற்றுப் பம்பும்தான். ஆணி குத்தினால் அது சமாளிக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது.

பாதையில் பெரிய சிக்கலில்லை. புத்தளம்–அனுராதபுரம் வீதியில் யானை வரும், இருட்டுமுன் கடந்துவிடுங்கள். மன்னாரால் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் போவதென்றால் மன்னாரிலேயே தாங்கியை நிரப்புங்கள். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி நேராகக் கிடக்கிறதே என்று மிதிக்க வேண்டாம்: காருக்கு வேக எல்லை மணிக்கு 70 கிலோமீட்டர், ஊர்மனைக்குள் 50, பொலிஸ் வேகம் பார்க்கும் மெசினோடு நிற்கும்.

கனடா, லண்டனிலிருந்து வந்த சொந்தக்காரர் ஓட்டுவதென்றால் அந்த நாட்டு லைசன்ஸ் மட்டும் காணாது. இங்கே செல்லுபடியாகும் தற்காலிக அனுமதி எடுத்து, அவருடைய பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.