ஆக்டேவியா 1.9 டிடிஐயில் ஏஆர்பி ஹெட் ஸ்டட்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) போட்ட கையோடு "அடுத்து ஹெட் ஸ்டட் போட்டுவிடலாமா?" என்று கேட்கிற ஸ்கோடா ஆக்டேவியாக்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டைக் கீழே இருக்கிற பிளாக்கோடு பிடித்துவைக்க, கம்பெனி போல்ட்டுக்குப் பதில் போடுகிற, இரண்டு முனையிலும் திரெட் உள்ள கம்பிதான் ஹெட் ஸ்டட். என்னுடையது பழைய 1.9 டிடிஐ. கம்பெனியிலிருந்து வரும்போது 90 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர். இப்போது பெரிய டர்போ, டீசல் பீய்ச்சும் பெரிய நாசில், அதற்கேற்ற மேப் எல்லாம் ஏறி, ஹெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது ஏஆர்பி ஸ்டட். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருள் அருமை, ஆனால் கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது தேவையே இல்லை.

கம்பெனி போல்ட்டை யாரும் மட்டமாகப் பேச வேண்டாம். மொத்தம் 10 போல்ட். முதலில் 40 நியூட்டன் மீட்டர், அப்புறம் 60, அதன்பின் கால் சுற்று, இன்னொரு கால் சுற்று. அந்தக் கடைசி அரைச் சுற்றில் போல்ட் ரப்பர் போல மீண்டு வரும் எல்லையைத் தாண்டி நிரந்தரமாகவே கொஞ்சம் நீண்டுவிடும், வேண்டுமென்றே அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். எல்லாப் போல்ட்டும் ஏறக்குறைய ஒரே இழுப்பில் நிற்க இது நல்ல வழி. அதனால்தான் ஒருமுறை கழற்றினால் குப்பைக்குப் போக வேண்டும், பழையதையே துடைத்துப் போட்டுத் தருகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

சரி, பிரச்சினை எங்கே வருகிறது? இந்த இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 79.5 மில்லிமீட்டர். மேப் ஏற்றிய டீசலில் எரிப்பு அழுத்தம் உச்சத்தில் 150 பார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஏழரை டன் எடைக்குச் சமமான விசையோடு ஹெட்டை மேலே தள்ளுகிறது. சுற்றியிருக்கிற நான்கு போல்ட்தான் அதைத் தாங்க வேண்டும், அதுவும் பக்கத்துச் சிலிண்டரோடு பங்கு போட்டுக்கொண்டு. பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற ஏற, கீழ் ஆர்பிஎம்மில் டார்க்கை அள்ளிக் கொட்ட ஆரம்பித்ததும், ஒரு நொடியின் துணுக்கில் ஹெட் மயிரிழை தூக்கி எரிந்த வாயு கூலன்ட் பாதைக்குள் புகுந்துவிடும். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகிக் கிடந்தால், எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஏஆர்பி அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வென்ச்சுரா பக்கத்துக் கம்பெனி, போல்ட்டும் ஸ்டட்டும்தான் அவர்கள் பிழைப்பு. பெட்டியைத் திறந்தால் 10 ஸ்டட், 12 முனை நட்டு, மழமழவென்று தேய்த்த கனமான வாஷர், சின்னதாக ஒரு லூப் (உராய்வைக் குறைக்கும் பசை) பாக்கெட். திரெட்டின் தரத்தைப் பார்த்தாலே கம்பெனி போல்ட்டிலிருந்து வித்தியாசம் தெரியும், விரலால் நட்டைச் சுற்றினால் கடைசிவரை எங்கும் பிடிக்காமல் போகிறது. போல்ட்டை இறுக்கும்போது அது முறுக்கவும் படுகிறது, இழுக்கவும் படுகிறது, பிளாக்கின் திரெட்டும் சேர்ந்து உராய்கிறது. ஸ்டட்டில் அப்படி இல்லை. அது பிளாக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும், சுற்றுவது மேலே இருக்கிற நட்டு மட்டும்தான், அந்த முனையில் நுண் திரெட் வேறு. அதனால் இழுப்பு ஒரே சீராக வருகிறது. நிரந்தரமாக நீளும் எல்லைக்குள் போகாததால் திரும்பக் கழற்றிப் போடலாம் என்பது கூடுதல் லாபம்.

விலைதான் கடிக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். கூரியர், சுங்கவரி எல்லாம் சேர்ந்து பொருளின் விலையையே மறக்கடித்துவிட்டன. நல்ல கம்பெனி போல்ட் செட்டை இதில் ஒரு சிறு பங்குக் காசில் இங்கேயே வாங்கிவிடலாம்.

போடும் வேலையில்தான் கவனம் வேண்டும், ஸ்டட் வாங்கியும் கெட்டுப்போன இன்ஜின்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் கெடுகின்றன. பிளாக்கில் போல்ட் இறங்கும் துளைகளுக்கு அடியில் வழி கிடையாது. உள்ளே எண்ணெயோ கூலன்டோ தேங்கியிருக்கும்போது ஸ்டட்டை இறக்கினால், அந்தத் திரவத்துக்குப் போக இடமில்லாமல் பிளாக்கே விரிசல் விடலாம். காற்றடித்து, துணி விட்டு, மறுபடி காற்றடித்து உலரவைக்க வேண்டும். திரெட்டைச் சுத்தம் செய்ய மெக்கானிக் வழக்கமான, திரெட் வெட்டுகிற டேப்பை எடுப்பார், தடுத்துவிடுங்கள். அது இரும்பை வெட்டி எடுத்துத் திரெட்டைத் தளர்த்திவிடும். பழைய ஹெட் போல்ட்டில் நீளவாக்கில் கட்டிங் டிஸ்க்கால் ஒரு பள்ளம் போட்டு, அதையே கையால் சுற்றி இறக்கினால் அழுக்கு மட்டும் வெளியே வரும், காசும் செலவில்லை.

ஸ்டட்டைப் பிளாக்கில் கை இறுக்கத்தில் விட்டால் போதும், சாவி போட்டு முறுக்கக் கூடாது. நட்டுத் திரெட்டிலும் வாஷரின் மேல்முகத்திலும் அவர்கள் தந்த லூப்பையே போட வேண்டும். ஏனென்றால் நாம் ரெஞ்ச்சில் கொடுக்கிற பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது, மிச்சம்தான் ஸ்டட்டை இழுக்கிறது. இன்ஜின் ஆயில் போட்டுவிட்டுத் தாளில் இருக்கிற எண்ணுக்கே இறுக்கினால் இழுப்பு எங்கோ போய் நிற்கும். தாளில் ஃபுட் பவுண்ட் கணக்கு இருந்தால் 1.356 ஆல் பெருக்கி நியூட்டன் மீட்டராக்கி, ரெஞ்ச்சில் வைப்பதற்கு முன்பே சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சமப் படிகளாக, நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில். கம்பெனி போல்ட்டுக்கே கை பழகிய எங்கள் கோயமுத்தூர் மெக்கானிக், "ஏனுங்ணா, இதுல கடைசில ஆங்கிளே இல்லீங்களா?" என்று நம்பாமல் தாளை வாங்கிப் பார்த்தார். இல்லை, கண்டிப்பாக இல்லை. கை பழக்கத்தில் அந்த அரைச் சுற்றைக் கொடுத்தால் ஸ்டட்டோ பிளாக் திரெட்டோ, ஏதாவது ஒன்று போய்விடும்.

லேத் பட்டறையில் ஹெட்டைக் கொடுத்ததும் "ஒரு ஃபேசிங் போட்டுட்டா நிம்மதிங்க" என்றார்கள். இந்த டீசல் ஹெட்டைக் கடைந்து சமன் செய்யக் கூடாது என்பது இந்த இன்ஜினைச் செய்த வோக்ஸ்வேகனின் விதி, வளைவு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டியதுதான். நேர்விளிம்பு வைத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது, கடையாமல் எடுத்துவந்தோம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கெட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற பொருள் இல்லை. பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதை டயல் கேஜில் அளந்து, 1.00 மில்லிமீட்டர் வரை என்றால் ஒரு வெட்டு, 1.10 வரை இரண்டு, 1.20 வரை மூன்று என்று கேஸ்கெட்டில் இருக்கிற அடையாளம் பார்த்து வாங்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்றாமலே ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து அந்த இடத்தில் ஸ்டட்டைப் போடுகிறவர்களும் உண்டு. கேஸ்கெட் நல்ல நிலையில் இருந்தால் வேலை செய்கிறது என்கிறார்கள், கூலியும் மிச்சம். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை, ஹெட் மேலே இருக்கும்போது அந்த ஆழத் துளையைச் சுத்தம் செய்தோம் என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்?

ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது, தெரியவும் கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு முழு பூஸ்டில் மிதித்து ஏறினாலும் கூலன்ட் மட்டம் அசையவில்லை, ஹோஸ் காலையில் மெத்தென்று இருக்கிறது. எதிர்பார்த்தது அவ்வளவுதான், அது கிடைத்தது.

ஆனால் கம்பெனி டர்போவோடு, மிதமான மேப் மட்டும் போட்டவர்களுக்கு இது வீண் செலவு. அந்த அளவில் புது கம்பெனி போல்ட்டே தாங்கும். ஹெட் கேஸ்கெட் போனதற்குக் காரணம் பெரும்பாலும் கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றியது, வாட்டர் பம்ப் இறக்கை கழன்றது, ஊசி சிவப்பைத் தொட்ட பிறகும் வீடுவரை ஓட்டியது, இப்படி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். வளைந்த ஹெட்டை எந்த ஸ்டட்டும் நேராக்காது. அமெரிக்காவில் ஃபோர்டின் 6.0 பவர் ஸ்ட்ரோக் டீசல் பிக்கப்புகளுக்கு ஏஆர்பி ஸ்டட் போடுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஆனால் அங்கேயும் ஆயில் கூலர் அடைத்து, அதனால் இஜிஆர் கூலர் (இன்ஜினுக்குள் திரும்பிப் போகிற புகையைக் குளிர்விப்பது) வெடித்து, அந்த அழுத்தம் ஹெட்டைத் தூக்கின வண்டிகள் ஏராளம், கூலரைக் கவனிக்காமல் ஸ்டட்டை மட்டும் மாற்றினவர்கள் மறுபடி பட்டறைக்குத்தான் போனார்கள்.

பெரிய டர்போ நிச்சயம் என்று முடிவெடுத்தவர்கள் தாராளமாக வாங்கலாம். கூடவே மெல்லிய சுவருள்ள 12 முனை சாக்கெட் ஒன்று எடுத்து வையுங்கள், தடித்த சாக்கெட் ஹெட்டின் குழிக்குள் இறங்க மறுக்கும். ஹெட்டைக் கழற்ற எப்படியும் டைமிங் பெல்ட் வெளியே வந்தாக வேண்டும், வாட்டர் பம்பும் அந்தப் பெல்ட்டில்தான் ஓடுகிறது, இரண்டையும் அப்போதே மாற்றிவிட்டால் அந்தக் கூலியை மறுபடி கொடுக்க வேண்டியதில்லை.