‘சைக்ஸ்’ குடும்பப் பெயர் வரலாறு: சட்டம் போட்ட படம் எப்படி?

எங்கள் கிடங்கின் மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார் என்றதும் ஆளுக்குக் கொஞ்சம் வசூலித்துப் பரிசு வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. கடிகாரம் ஏற்கெனவே இரண்டு கட்டியிருக்கிறார், விஸ்கி தொடமாட்டார். குடும்பப் பெயர் சைக்ஸ். வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே கல்லெறிந்தால் ஒரு சைக்ஸ் மேல்தான் விழும். எங்கள் ஷிஃப்ட் பட்டியலிலேயே ஒருவருக்கொருவர் உறவே இல்லாத சைக்ஸ்கள் இருக்கிறார்கள். சரி, இணையத்தில் விற்கும் ‘உங்கள் பெயரின் வரலாறு’ படத்தையே வாங்கிவிடலாம் என்று முடிவானது. ஃபிரேம் சட்டத்தோடு 38 பவுண்டு. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். கிட்டத்தட்ட இதே சரக்கைப் பலரும் விற்கிறார்கள்.

முதலில் பொருளைப் பற்றி. நான்கு மூலைக்கும் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள், அடிபடாமல் வந்தது. தாள் கனமாக இருக்கிறது, அச்சும் துல்லியம். பழைய தோல் சுருள் போலத் தெரிய வேண்டுமென்று விளிம்பைத் தீய்ந்த பழுப்பில் அச்சடித்திருக்கிறார்கள், பார்க்கவே சகிக்கவில்லை. முன்னால் இருப்பது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் தகடு. அதன் மேல் ஒட்டியிருந்த படலத்தை உரித்ததும் ஓரத்தில் ஒரு கீறல் தெரிந்தது.

உள்ளடக்கத்தில்தான் என் சண்டை. நடுவில் பெரிதாக ஒரு குலச்சின்னக் கேடயம்: வெள்ளைத் தரையில் கூரை முகடு போன்ற கறுப்புப் பட்டை, சுற்றி மூன்று வட்டங்கள், வட்டத்துக்குள் வெள்ளையும் நீலமுமாக அலைக்கோடுகள். அடியில் ‘சைக்ஸ் குடும்பச் சின்னம்’ என்று தங்க எழுத்து. இங்கிலாந்தில் குடும்பப் பெயருக்கென்று சின்னமே கிடையாது. சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படும், அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குப் போகும், அவ்வளவுதான். லண்டனில் 1484 முதல் இருக்கும், குலச்சின்னங்களை வழங்கும் அமைப்பான காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைத் தெளிவாகவே சொல்கிறது. படத்தில் இருப்பது கிழக்கு யார்க்‌ஷயரின் ஸ்லெட்மியர் பிரபுக் குடும்பத்தின் சின்னம். 1916இல் பிரெஞ்சு ராஜதந்திரி பிக்கோவோடு சேர்ந்து மத்திய கிழக்கைக் கோடு போட்டுப் பிரித்த மார்க் சைக்ஸ் அந்த வீட்டுப் பிள்ளை. அவர்கள் கேடயத்தை எங்கள் மேற்பார்வையாளர் வரவேற்பறையில் மாட்ட எந்த நியாயமும் இல்லை.

இதில் வேடிக்கை, அந்த அலை வட்டங்களுக்குள்ளேயே பெயரின் கதை இருக்கிறது. சின்னக் கலையில் அந்த வட்டம் நீரூற்றைக் குறிக்கும். அதற்கு ‘சைக்’ என்றே இன்னொரு பெயர் உண்டு. வட இங்கிலாந்துப் பேச்சில் சைக் என்றால் சிற்றோடை, பெரும்பாலும் நிலத்துக்கு எல்லையாக ஓடும் கால்வாய். ஓடைக்கரையில் குடியிருந்தவன் சைக்ஸ் ஆனான். படத்தின் எழுத்துப் பகுதி இதை ஒரே வரியில் தாண்டிவிட்டு, வில்லியம் மன்னனோடு 1066இல் இங்கிலாந்தைப் பிடிக்க வந்த வீரர்கள், துணிவு, விசுவாசம் என்று ஓடுகிறது. அதே விற்பனையாளர் ‘கிரீன்வுட்’ பெயருக்குப் போட்டிருந்த மாதிரிப் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். அதே பத்தி, அதே வீரர்கள். பெயர் மட்டும் வேறு.

வரைபடம் நன்றாக இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, சைக்ஸ்கள் வாழ்ந்த இடங்களில் புள்ளி குத்தியிருக்கிறார்கள். ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றி, கோல்ன் பள்ளத்தாக்கு, ஹோம் பள்ளத்தாக்கு, ஸ்லெய்த்வெயிட் எல்லாம் ஒரே மை. பக்கத்துச் சாடில்வொர்த்தைத் தாண்டி ஓல்டம் வரை கசிகிறது. நகைச்சுவை நடிகர் எரிக் சைக்ஸ் 1923இல் பிறந்தது அந்த ஓல்டமில்தான். தெற்கே போகப்போகப் புள்ளிகள் அருகிவிடுகின்றன. வீட்டிலேயே தறி வைத்து நெய்து, கொஞ்சம் நிலமும் பார்த்துக்கொண்டு, அதே பள்ளத்தாக்கில் பெண் எடுத்துப் பெண் கொடுத்து வாழ்ந்தவர்களின் வரைபடம் இப்படித்தான் இருக்கும்.

சேர்த்திருக்க வேண்டியதைச் சேர்க்கவில்லை என்பதுதான் பெரிய குறை. ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே ஆய்வுக்கு எடுத்து 2000இல் முடிவை வெளியிட்டார். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமை 48 சைக்ஸ் ஆண்களிடம் பார்த்ததில், 21 பேருக்கு ஒரே அமைப்பு. ஓடை எங்கும் உண்டு, ஆகவே பெயரும் பல இடங்களில் தனித்தனியாக முளைத்திருக்கும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். ஆய்வு ஒரே மூதாதையைக் காட்டியது. மீதிப் பேர்? தலைமுறைக்கு 1.3 சதவீதம் ‘வேறு தகப்பன்’ என்று வைத்தாலே 700 ஆண்டுகளில் கணக்கு சரியாகிவிடுகிறதாம். தத்து எடுத்ததும் தாய்வழிப் பெயர் வைத்ததும் அதில் அடக்கம். பரிசுப் படத்தில் அந்தக் கடைசி வரியைப் போட முடியாதுதான், மற்றதைப் போட்டிருக்கலாமே.

பரவல் பற்றியும் ‘அமெரிக்கா, ஆஸ்திரேலியா’ என்று இரண்டே சொல்தான் இருக்கிறது. பிராட்ஃபோர்டு அருகே 1790இல் பிறந்த வில்லியம் ஹென்றி சைக்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து தக்காணத்துப் பறவைகளைப் பட்டியலிட்டார். அங்கே ஒரு வானம்பாடிக்கும் ஆப்பிரிக்காவில் ஒரு குரங்குக்கும் இன்று சைக்ஸ் பெயர். ஒரு பெயர் இவ்வளவு தூரம் போயிருப்பதை விட்டுவிட்டா வில்லியம் மன்னனைப் பிடித்துக்கொள்வது?

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை, அதில் இரண்டு வரைபடத்துக்கு. வாங்குவதாக இருந்தால் கேடயம் இல்லாத, வரைபடம் மட்டும் உள்ள பதிப்பு 14 பவுண்டுக்குக் கிடைக்கிறது, அதை எடுங்கள். சட்டத்தை வெளிக்கடையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், 1837 ஜூலையில் தொடங்கிய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் அட்டவணையை ஃப்ரீபிஎம்டி தளத்தில் காசில்லாமல் தேடலாம். பரிசு பெறுபவரின் கொள்ளுத்தாத்தாவின் பதிவைத் தேடி எடுத்துப் படத்தோடு சேர்த்துக் கொடுங்கள். நாங்கள் கீறல் பற்றி எழுதியதற்கு விற்பனையாளர் மறுபேச்சில்லாமல் புதுத் தகடு அனுப்பினார். கேடயம் பற்றி எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை.