வீட்டுப் பட்டறைக்குக் காற்றுக் குழாய்: ஜி.ஐ.யா, கூட்டுக் குழாயா, செம்பா?

பினாங்கின் பட்டர்வொர்த்தில் எங்கள் தெரெஸ் வீட்டு போர்ச்தான் என் பட்டறை. விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிள் டேங்க், காடிக் கதவு என்று சாயம் அடிப்பேன். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரிலிருந்து ஸ்ப்ரே கன்னுக்குப் போகும் ஹோஸ் தரை முழுக்கக் கிடந்து காலை இடறியதால், சுவரோரமாக நிரந்தரக் குழாய் போட்டுவிட்டேன். போட்டது செம்பு. அதனால் என் பேச்சு செம்புப் பக்கம் சாயும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

பி.வி.சி. பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வேண்டாம். தண்ணீர் போகும் பி.வி.சி. உடைந்தால் வீடு நனையும். அழுத்திய காற்று நிரம்பிய பி.வி.சி. உடைந்தால் சில்லு சில்லாகத் தெறித்து ஆளைக் கிழிக்கும். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988-லேயே இதை எச்சரித்துவிட்டது. சூடு ஏற ஏற அது பலமும் இழக்கும். 43 டிகிரியில் தாங்கும் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மதிய வெயிலில் நம் தகரக் கூரைக்கு அடியில் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமே இல்லை.

மற்ற மூன்றில் எதை எடுப்பது? ஜி.ஐ. என்ற துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், அலுமினியத் தகடு நடுவில் வைத்த பிளாஸ்டிக் கூட்டுக் குழாய், செம்பு. விலை, பலம், பொருத்தும் வேலை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அழுத்திய காற்றிலிருந்து பிரியும் தண்ணீர் எங்கே போகும்?

30 டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். பினாங்கில் ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்தால், கம்ப்ரஸர் உறிஞ்சும் ஒவ்வொரு கன மீட்டரிலும் 24 கிராம். 7 பார் அழுத்தத்துக்கு ஏற்றினால் (வெளிக்காற்றின் ஒரு பாரையும் சேர்த்து மொத்தம் 8), 8 கன மீட்டர் ஒன்றாகச் சுருங்குகிறது. உள்ளே போனது 190 கிராமுக்கு மேல். ஆறிய பிறகு காற்று வைத்துக்கொள்வது 30. மீதி 160 கிராம் தண்ணீராக இறங்கித்தான் ஆக வேண்டும். டேங்க்கில் காற்று முழுதாக ஆறுவதில்லை. வெதுவெதுப்பாகவே குழாய்க்குள் வந்து, போகிற வழியில் ஆறி, அங்கே நீர் விடுகிறது. கம்ப்ரஸர் வாயிலேயே ஃபில்டரை மாட்டினால் பெரிய பலன் இல்லாததற்கு இதுதான் காரணம். ஃபில்டர் துளியாகிவிட்ட நீரைப் பிடிக்கும். நீராவி அதைத் தாண்டிப் போய்விடும்.

ஆக, காற்று குழாயிலேயே ஆறி, நீர் அங்கேயே பிரிய வேண்டும், இல்லாவிட்டால் அது சாயத்தோடு தெறிக்கும். கூட்டுக் குழாய் சறுக்குவது இங்கேதான். பிளாஸ்டிக் சூட்டை அவ்வளவு சீக்கிரம் வெளியே விடாது. அது தவிர நல்ல பொருள்தான்: கையாலேயே வளைக்கலாம், நெருப்பு வேண்டாம், ஒரு மத்தியானத்தில் வேலை முடியும், வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். டயருக்குக் காற்று, நட் கழற்ற ஏர் கன், இவ்வளவுதான் வேலை என்றால் தாராளமாக அதையே போடுங்கள். வாடகை வீட்டுக்கும் அதுதான் சரி.

ஜி.ஐ. குழாய் காற்றை நன்றாகவே ஆற வைக்கும். பலத்துக்கும் குறைவில்லை, ஹார்ட்வேர் கடையிலேயே வெட்டி மரை போட்டுத் தருவார்கள். ஆனால் மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. பிரிந்த நீர் முதலில் உட்காரும் இடமும் அந்த மூட்டுதான். துரு அங்கே பிடித்து, தூளாகி, ஸ்ப்ரே கன் வரை வரும். வெள்ளைப் பிரைமர் மேல் ஒரு பழுப்புப் புள்ளி விழுந்தால் காய வைத்து, தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டும். ஃபில்டரை மாற்றிக்கொண்டே சமாளிக்கலாம், சரி. அந்தச் செலவும் வேலையும் குழாய் இருக்கும்வரை ஓயாது.

செம்பு இரண்டையும் தீர்க்கிறது. சூட்டை வேகமாக விடுகிறது, துருவும் இல்லை. கடற்காற்றில் வெளியே கறுக்கும், பச்சை பூக்கும். உள்ளே எதுவும் உதிராது. விலை கூடுதல், அதை மறைப்பதற்கில்லை. வேலைக்கு ஆள் தேட வேண்டாம்: ஏர்கோன் பொருத்துபவர்களுக்குச் செம்பு ஒட்டுவது அன்றாட வேலை. பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பியால் செம்போடு செம்பை ஒட்ட, உலோகப் பரப்பைச் சுத்தமாக்கும் ஃபிளக்ஸ்கூடத் தேவையில்லை. பித்தளைத் துண்டு வரும் இடத்தில் மட்டும் வேண்டும். பால் வால்வை (உள்ளே உருண்டை சுழன்று திறக்கும் வால்வு) நெருப்புக்குக் காட்டாதீர்கள், உள்ளிருக்கும் சீல் கருகிவிடும். மரை வைத்த துண்டை முதலில் ஒட்டி, ஆறிய பிறகு வால்வைத் திருகுங்கள்.

மேல் குழாய்க்கு 22 மில்லிமீட்டர், அதிலிருந்து கீழே வரும் கிளைகளான இறக்கங்களுக்கு 15 எடுத்தேன். கம்ப்ரஸரிலிருந்து விலகும் திசையில் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. ஒவ்வொரு இறக்கத்துக்கும் டீயின் (மூன்று வாய் உள்ள மூட்டு) கிளை வாய் மேலே பார்க்க வேண்டும். குழாய் மேலே போய் வளைந்து கீழே வந்தால், அடியில் ஓடும் தண்ணீர் அதில் ஏறாது. கடைசி முனையை நேரே தரைப்பக்கம் இறக்கி அடியில் ஒரு வால்வு. சாயம் அடித்து முடித்து அதை லேசாகத் திறந்தால், புஸ்ஸென்ற சத்தத்தோடு தண்ணீர் பாட்டிலுக்குள் பாய்கிறது, கலங்கல் இல்லை. கம்ப்ரஸருக்கும் குழாய்க்கும் நடுவே மட்டும் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் கட்டாயம், இல்லாவிட்டால் அதிர்வு மூட்டுகளை விரிசல் விட வைத்துவிடும்.

தொழிற்சாலைகளில் போடும் நீல அலுமினியக் குழாயும் உண்டு. துரு இல்லை, நெருப்பும் வேண்டாம். பிறையில் ஒரு தொழிற்சாலையில் பார்த்ததோடு சரி, நான் கையால் பொருத்தியதில்லை. குழாயின் விலையைவிட அதன் மூட்டுகளின் விலைதான் என்னைப் பின்வாங்க வைத்தது. காசு ஒரு பொருட்டில்லை என்பவர்கள் செம்புக்கு முன்னால் அதை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.