ஃபோம் செங்கல் ஸ்டிக்கர்: மூன்று மழைக்காலம் பார்த்த பிறகு

பர்மாவின் மௌல்மீன் நகரில் இருக்கும் சிநேகிதி போன வாரம் போன் செய்தாள். "அக்கா, உங்க ஹால்ல செங்கல் மாதிரி ஒட்டியிருந்தீங்களே, அந்த ஸ்டிக்கர் இப்ப பாதி விலைக்குக் கிடைக்குது, வாங்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள், போனில் சொல்லி முடிக்கிற கதையா அது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டிக்கர் எது என்று எல்லோருக்கும் தெரியும். பின்னால் பசை தடவிய, செங்கல் அச்சு புடைத்த ஃபோம் தாள், ஒன்று ஏறக்குறைய 70க்கு 77 சென்டிமீட்டர். 2022 டிசம்பரில் 44 தாள் வாங்கினோம். எங்கள் வீடு ரங்கூன் நகருக்குள் பழைய செங்கல் கட்டடத்தில் மூன்றாம் மாடி. பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம், முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல், நடுவில் ப்ளைவுட் தடுப்பு வைத்து அறை பிரித்தது. இங்கே இருக்கிறவர்களுக்கு இந்த அமைப்பைச் சொல்லவே வேண்டாம். ஹாலின் தென்மேற்குச் சுவரை அடுத்த கட்டடம் எங்கள் மாடிக்குக் கீழேயே முடிந்துவிடுவதால், மே பாதியில் தொடங்கி அக்டோபர் வரை மழை நேராக அந்தச் சுவரில்தான் அடிக்கும். வருஷத்துக்கு 2,700 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டுகிற ஊர். அந்தச் சுவருக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்திருப்போம், ஒவ்வொரு செப்டம்பரிலும் அப்பளம் மாதிரி உப்பி நிற்கும்.

அதை மறைக்கத்தான் ஸ்டிக்கர் வாங்கினேன்.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம். ஆள் கூப்பிடவில்லை, வீட்டை ஒழிக்கவில்லை, பெயின்ட் வாடை இல்லை. நானும் பெரியவளும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கத்தி, அளவுகோல் வைத்துக்கொண்டு அந்தச் சுவரையும் படுக்கையறை ப்ளைவுட் தடுப்பையும் முடித்தோம். சாம்பல் நிறம் எடுத்தோம், சாயங்காலம் பார்த்தால் வேறு யாரோ வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. கீழே தெருவில் ஓடுகிற ஜெனரேட்டர் சத்தம்கூடக் கொஞ்சம் அடங்கினாற்போல எனக்குத் தோன்றியது. சாம்பார் தெறித்தாலும் ஈரத்துணியால் ஒரு துடை போதும். பெரியவளைப் பெண் பார்க்க வந்த அன்று எடுத்த படங்கள் எல்லாம் அந்தச் சுவர் முன்னால்தான், இன்றைக்கும் அவை அழகாகத்தான் இருக்கின்றன. 2023 மழையில் ஒரு தாள்கூட உரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் வாங்குங்கள் என்று நானே சொன்னேன்.

2024 மழையில் வாடை வந்தது. நனைந்த கோணிப்பை வாடை. அலமாரியைத் திறந்து பார்த்தேன், துணிகளை வெயிலில் போட்டேன், சோபாவைத் தூக்கி அடியில் கழுவினேன், எலி செத்துக் கிடக்கிறதோ என்று வீட்டுக்காரர் பரண் முழுக்கத் தேடினார். கரண்டு முறை வைத்து வருவதால் ஃபேன் ஓடாத நேரமே அதிகம், காற்று அசையாத வீட்டில் வாடை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? சின்னவனுக்கு இருமல் விடவே இல்லை. சுவர்தான் அத்தனைக்கும் காரணம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை, ஆனால் அவன் படுக்கையை அந்தச் சுவரிலிருந்து மாற்றிப் போட்ட பிறகு இருமல் குறைந்தது.

சுவரில் என்ன இருக்கிறது என்று கடைசியில் பார்க்க வைத்தது நிலநடுக்கம்தான். 2025 மார்ச் 28-ஆம் தேதி மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் நடந்த அந்தப் பேரழிவு ரங்கூனிலும் நன்றாக உணரப்பட்டது. இரண்டு நாள் கழித்து மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் அவரவர் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை! கட்டடத்தின் வெளிச்சுவர், அதில் கீறல் விட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் 28 தாள் ஃபோம் ஒட்டி மூடி வைத்திருக்கிறேன். அன்று வந்த பயமும் கோபமும் இன்னும் போகவில்லை. வெளிச்சுவரை முழுக்க மூடுகிற எந்த அலங்காரமும் எனக்கு இனிமேல் ஆகாது.

மூலையில் ஒரு தாளைப் பிடித்து இழுத்தேன். பழைய பெயின்ட்டும் பூச்சில் ஒரு படலமும் தாளோடு வந்தது. தாளின் பின்பக்கம் செங்கல் அச்சின் பள்ளம் ஒவ்வொன்றிலும் கறுப்பாகப் பூஞ்சை, வெல்வெட் துணி போல. அதற்குள் கரப்பான் முட்டைக்கூடு வரிசையாக. ஏப்ரல் வெயில் கொளுத்துகிற நேரத்தில்கூடச் சுவர் கையில் ஜில்லென்று ஒட்டியது. அந்த ஃபோம் தண்ணீரை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. செங்கல் குடித்த மழைநீர் உள்பக்கம் வந்து உலர வேண்டும், உலர வழி இல்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. வழவழ எமல்ஷன் பெயின்ட் உப்பியதும் இதே காரணத்தால்தான். அப்பளமாக உப்பி அது என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தது, நான் அதன் வாயை மூடிவிட்டேன்.

விற்றவர் மேல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மழைச்சுவருக்கு ஆகுமா என்று தெளிவாகக் கேட்டேன், தண்ணீரே பிடிக்காது அம்மா, தைரியமாக ஒட்டுங்கள் என்றார். தாளுக்குத் தண்ணீர் பிடிக்காது, உண்மை. நான் கேட்டது சுவரைப் பற்றி.

சரி, பிறகு செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நல்லவேளை, விரிசல் எதுவும் இல்லை. பூஞ்சையை உலர்ந்தபடி சுரண்டினால் பொடி வீடெல்லாம் பறக்கும், அதனால் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, பிளீச்சிங் கரைசலில் கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு பழைய பெயின்ட் முழுவதையும் சுரண்டினோம். தெரு முனையில் இருக்கும் பெயின்டர் பெரியவரைக் கூப்பிட்டேன். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நாள் போகட்டும்மா, தண்ணித் திருநா முடியட்டும்" என்று, ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து அவர் அடித்தது சுண்ணாம்பு. பெயின்ட் கடையில் சுண்ணாம்பு என்றால் வெற்றிலைக்கா என்று கேட்கிற காலம். மூட்டையை நாங்கள் பால்கனிக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தோம், இரண்டு ராத்திரி ஊற வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, துளி நீலம் கலந்து, பால் பதத்தில். சுவரை நனைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீரைப் பூசுகிறாரோ என்று நினைத்தேன். காயக் காய வெண்மை ஏறிக்கொண்டே வந்தது, அதை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று கை. காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து அது கல்லாக இறுகுமாம், ஈரத்தையும் போக விடுமாம், அதன் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. கண்ணில் மட்டும் தெறிக்கக் கூடாது, பெரியவர் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்தார்.

பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பது அம்மா காலத்தில் வழக்கமாக இருந்தது. இந்த ஊர்க் கணக்குக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று இப்போதுதான் புரிகிறது. மழை அக்டோபரோடு ஓய்ந்து, சுவர் இரண்டு மாதம் காய்ந்திருக்கும், சுண்ணாம்பு அடிக்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

சுண்ணாம்பிலும் குறை உண்டு. சாய்ந்தால் முதுகில் ஒட்டும். வீட்டுக்காரரின் கறுப்புச் சட்டை ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கோடு. சோபாவை நான்கு விரல் தள்ளிப் போட்டேன், அந்த இடைவெளி சுவருக்குக் காற்றோட்டமாகவும் ஆனது, அலமாரியையும் அப்படியே நகர்த்திவிட்டேன். எண்ணெய்க் கை பட்டால் துடைக்க முடியாது, அதன் மேலேயே ஒரு கை அடிக்க வேண்டியதுதான். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: வெளிச்சம். சாம்பல் ஸ்டிக்கர் இருந்தபோது கரண்டு போனால் ஹாலுக்கு இரண்டு பேட்டரி பல்ப் வேண்டும். இப்போது ஒன்றைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் சின்னவன் அதில் வீட்டுப்பாடம் எழுதுகிறான். பகலில் முன் ஜன்னல் வெளிச்சம் தடுப்பு வரைக்கும் வருகிறது. இத்தனை வருஷம் திரைச்சீலை, கண்ணாடி, விளக்கு என்று மாற்றி மாற்றிச் செலவழித்து வராத வெளிச்சம். 2025 மழை முழுக்க அடித்து ஓய்ந்தாயிற்று, கீழ் ஓரத்தில் ஒரு முழம் மட்டும் மங்கலாகக் கறை தெரிகிறது, வாடை இல்லை.

வாங்கத்தான் போகிறேன் என்கிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். மழைக்காலத்தில், ஒட்டப்போகிற சுவரில் ஒரு முழச் சதுரத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அந்தச் சுவரில் எதையும் ஒட்டாதீர்கள், ஆகாது. வெயில்காலத்தில் செய்தால் சுவர் உங்களை ஏமாற்றும். அப்புறம் அடுப்புப் பக்கமும் சாமி விளக்குப் பக்கமும் ஒட்டவே கூடாது, ஃபோம் உருகி எரிந்து சொட்டும்.

சிநேகிதிக்கு என் பதில் மாறாது. மௌல்மீனில் ரங்கூனைவிட மழை அதிகம், அவள் வீடு தனி வீடு, நான்கு பக்கமும் வெளிச்சுவர். பாதி விலை என்ன, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பரண் மேல் எனக்கு மிச்சம் 2 தாள் இருக்கிறது, அதைக் கேட்டாலும் தர மாட்டேன்.

படுக்கையறை ப்ளைவுட் தடுப்பில் ஒட்டியது மட்டும் மூன்று மழைக்காலம் தாண்டியும் அப்படியே இருக்கிறது. பின்பக்கம் உரித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பெரியவள் கல்யாணமாகி பாகோ ஊருக்குப் போய்விட்டாள், அவள் கையால் வெட்டி வைத்த ஓரம் கொஞ்சம் கோணல். நேற்று அந்த மூலை லேசாகத் தூக்கியிருந்தது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒட்டிக்கொண்டது.