தனுஷ்கோடி சாலைக்கு செல்போனா, ஜிபிஎஸ் மீட்டரா?

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனைக்கு சைக்கிள் மிதிக்கிற பலருக்கும் இந்தக் குழப்பம்: வேகம், தூரம் பார்க்க கைப்பிடியில் போனை மாட்டுவதா, அதற்கென்றே இருக்கிற ஜிபிஎஸ் மீட்டரையா?

செலவு: போன் இருக்கிறது, ஹோல்டர் போதும். மீட்டருக்குப் பல ஆயிரம்.

வெயில்: இங்கேதான் பெரிய வித்தியாசம். நிழலே இல்லாத சாலை. போன் திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால் சூடாகும், சார்ஜும் கரையும். பல மீட்டர்களின் திரை வெயில் பட்டால் இன்னும் தெளிவு. வியர்த்த கைக்கும் பட்டன் கேட்கும்.

உப்புக்காற்று: இரண்டுக்குமே பகை. சார்ஜ் துளையை மூடியே வையுங்கள். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள்.

சென்சார் (இதயத் துடிப்பு போன்றவற்றை அளப்பது): அதை இணைக்க பெரும்பாலான போன்களில் புளூடூத் மட்டும், பல மீட்டர்களில் ஆன்ட் பிளஸ் (ANT+) என்கிற இன்னொரு வயர்லெஸ் முறையும் உண்டு. மண்டபம் பக்கம் போகும்போது பாம்பன் பாலத்தில் எதிர்காற்று அடித்தால் வேகத்தை நம்பி மிதிக்காதீர்கள், இதயத் துடிப்பைப் பாருங்கள்.

எப்போதாவது மண்டபம் வரை போய்வர போன் தாராளம். தினமும் பயிற்சி எடுப்பவர் மீட்டரே வாங்கலாம்.