அனுராதபுரச் சந்தி ரேடியேட்டர் கடை: பழைய கார் வாங்கும் முன் நான் கொடுத்த 3,500 ரூபா

திருகோணமலையிலிருந்து அம்மாவை மாதத்துக்கு ஒரு தடவை கண்டிக்கு கிளினிக் கொண்டு போகிறேன். போன வருடம் திரும்பி வரும்போது, வாடகைக்குப் பிடித்த வான் கல்லோயாச் சந்தி தாண்டி அக்போபுரத்துக்கு முன்னால் சூடேறி நின்றுவிட்டது. மாலை ஆறு மணி. யானை கடக்கிற காட்டு வழி. டிரைவர் தம்பியிடம் இருந்தது நாங்கள் குடித்து மிச்சம் வைத்த ஒன்றரை லீற்றர் தண்ணீர் மட்டும்தான். எஞ்சின் ஆறும் வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். சொந்தமாக ஒரு கார் வாங்குவது என்றும், அதில் முதலில் பார்ப்பது தண்ணீர் ஓடும் வழியைத்தான் என்றும் அன்றைக்கே முடிவு செய்தேன்.

புதிய கார் என் சம்பளத்துக்கு எட்டாது. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 இல் மறுபடி திறந்தது, ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆகவே இருபது, இருபத்தைந்து வயதான ஜப்பான் கார்தான். அந்த வயதுக் காரில் பெயின்டையும் சீட்டையும் யாரும் பார்க்கலாம். ரேடியேட்டருக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க எனக்குத் தெரியாது. கூடப் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் எங்கள் ஊர் அனுராதபுரச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிற இந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கிண்ணியா ஆள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், எல்லோருக்கும் "நானா"தான், அண்ணா என்று அர்த்தம். ரேடியேட்டர் கழற்றிக் கழுவுவதும் ஓட்டை அடைப்பதும் அவர் தொழில். கேட்டால், வாங்குவதற்கு முன் காரைப் பார்த்தும் சொல்வார்.

போனில் அவர் முதலில் கேட்டது கார் என்ன கார் என்றுகூட இல்லை. "டீச்சர், வண்டியை முதல் நாள் பின்னேரமே இங்கே விடச் சொல்லுங்க. விடிய நான் திறக்கும் வரை யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது." ஏன் என்று அப்போது புரியவில்லை. கந்தளாயில் நான் பார்த்த முதல் கார், நான் போய் இறங்கும்போதே சூடாக இருந்தது. "இப்பதான் கடைக்குப் போய் வந்தேன்" என்றார் விற்பவர். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே முடியாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் தெரிகிற வருத்தங்களும் அதற்குள் மறைந்துவிடும்.

அந்தக் காரையே நானாவிடம் கொண்டு வரவைத்தேன், நிசான் சனி எஃப்பி 15. விற்பவர் முணுமுணுத்தார், ஆனாலும் கொண்டு வந்து விட்டார். அடுத்த நாள் ஏழரைக்கு மூடியைத் திறந்தால் உள்ளே பளபளவென்று பச்சைக் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். எனக்குச் சந்தோஷம். நானா சந்தோஷப்படவில்லை. பக்கத்தில் இருக்கும் ரிசர்வ் போத்தலைக் காட்டினார். அடியில் காப்பிச் சக்கை போலக் கறள் சேறு. கூலன்ட் நேற்று ஊற்றியது, சேறு பல வருடத்துச் சேமிப்பு. விரலை ரேடியேட்டரின் வாய்க்குள் விட்டு எடுத்தார், நகத்தில் வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருந்தது. கடற்கரைப் பக்கம் உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டினால் இப்படித்தான் உப்புப் படியும் என்றார். அது நாளடைவில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

பிறகு ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸில் என் கையை வைக்கச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தேர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் வால்வு. அது நன்றாக இருக்கும் காரில் மேல் ஹோஸ் பல நிமிடம் குளிர்ந்தே இருக்கும். உள்ளே 82 பாகை அளவுக்கு வந்ததும் வால்வு திறந்து, ஒரே தடவையில் கை வைக்க முடியாத சூடு வரும். இந்தக் காரில் இரண்டாவது நிமிடத்திலிருந்தே மெதுமெதுவாகச் சூடு ஏறியது. "தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிஞ்சிட்டாங்க" என்றார். சூடேறுகிற வண்டிக்கு எங்கள் ஊர்களில் செய்கிற மலிவு வைத்தியம் அது. மீற்றர் முள் இறங்கும், வாங்குபவர் நம்புவார். ஆனால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடுவதால் பெற்றோல் கூடக் குடிக்கும், உள்ளே கரி பிடிக்கும், தேய்மானமும் கூடும். போதாததற்கு, திறப்பைப் போட்ட உடனேயே ஃபேனும் சுற்றத் தொடங்கியது, ஏசி போடாமலே. வயரை நேரடியாகக் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இது ஏற்கெனவே கொதித்த வண்டி. எஞ்சினின் மேல் பாகமான அலுமினிய ஹெட் ஒரு தடவை கடுமையாகக் கொதித்தால் வளையும், பிறகு அதன் அடியில் கசியாமல் அடைத்து வைக்கும் காஸ்கெட் போகும். நான் முன்பணம் கொடுக்கவில்லை.

இரண்டாவது, உப்புவெளியில் ஒரு டொயோட்டா கொரோலா 110. இதில் கூலன்ட் பழசுதான், நிறம் மங்கியிருந்தது, ஆனால் சேறு இல்லை, எண்ணெய்ப் படலம் இல்லை. மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. அதை நானா பெரிதாக எடுக்கவில்லை, புதியது போட்டுவிடலாம் என்றார். ஆனால் மூடி சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார். அதில் 0.9 என்று பொறித்திருக்கும், அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட 118 பாகைக்குக் கிட்டத்தான் கொதிக்கும். ரப்பர் போனால் 100 இலேயே கொதிக்கும். மாத்தளை ஏற்றத்தில் ஏசியோடு போகும்போது அந்தப் பதினெட்டுப் பாகைதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

அதன் பிறகு மூடியின் இடத்தில் அழுத்தம் காட்டும் கைப்பம்பை மாட்டி, முள் 0.9 இல் நிற்கும்படி அடித்தார். "வாங்க டீச்சர், பிளேன்டீ குடிப்போம்." இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. டார்ச் அடித்துத் தேடினார். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் ஈரக்கோடு. கறுப்பாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கபிலமாகி, உலர்ந்த ஓலை மாதிரி ஆகியிருந்தது. கீழ்ப்பக்கம் துடுப்புகள் எனும் மெல்லிய தகடுகளை நகத்தால் தொட்டதும் தூளாய் உதிர்ந்தன. கடல் காற்றில் நிற்கும் வண்டிக்கு இது வரத்தான் செய்யும்.

ஆனால் உள் எஞ்சின் சுத்தம். மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தபோது தொடக்கத்தில் வந்த காற்றுக்குமிழ்கள் சற்று நேரத்தில் நின்றுவிட்டன. காஸ்கெட் போன வண்டியில் அவை நிற்காது. இது ஒட்டோ கியர் வண்டி, கியர் எண்ணெயும் ரேடியேட்டருக்குள்ளேதான் குளிர்கிறது, அதனால் கியர் எண்ணெய்க் கம்பியையும் இழுத்துப் பார்த்தார். பால் கலந்த ஸ்ட்ரோபெரி மாதிரி இருந்தால் காரைத் தொடவே கூடாதாம். இது தெளிந்த சிவப்பாக இருந்தது. ஏசி போட்டு அரைமணி நிறுத்தி வைத்ததில் ஃபேன் தானாகப் போட்டது, தானாக நின்றது. கன்னியா வரை ஓட்டி வந்தோம். அன்றிரவும் கார் கடையிலேயே நின்றது, மறுநாள் விடிய ஹோஸை அமுக்கிக் காட்டினார், மெத்தென்று இருந்தது. ஆறிய பிறகும் கல்லு மாதிரி நின்றால் எஞ்சினின் புகைவாயு தண்ணீருக்குள் கசிகிறது என்று அர்த்தம்.

புதிய ரேடியேட்டரின் விலையைக் காட்டி, விற்பவரிடம் பேசிக் குறைத்து அந்தக் காரை வாங்கினேன். மாற்றும் வேலையையும் நானாவிடமே கொடுத்தேன். தேர்மோஸ்டாட், இரண்டு ஹோஸ், மூடி, சிவப்புக் கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி. இதுவரை ஐந்து தடவை கண்டி போய் வந்தாயிற்று. மாத்தளையில்கூட முள் நடுவைத் தாண்டவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். அவர் எதையும் எழுதித் தருவதில்லை. விற்பவரோடு விலை பேசும்போது கையில் ஒரு தாள் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியிருக்கும், நான் போனில் எடுத்த படங்களை வைத்துத்தான் பேசினேன். காஸ்கெட்டில் சந்தேகம் வந்தால், புகைவாயு பட்டதும் நீலத்திலிருந்து மஞ்சளாகும் அந்தத் திரவச் சோதனை அவரிடம் இல்லை, வேறு கராஜுக்கு அனுப்புகிறார். அதை ஒன்று வாங்கி வைத்தால் இந்தக் கடைக்குப் பிறகு வேறிடம் போகத் தேவையே இருக்காது. உட்கார இடமும் ஒரு வாங்குதான், அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள்.

ஒரு காருக்கு 3,500 ரூபா எடுத்தார். வாங்காமல் விட்ட காருக்கும் அதே தொகைதான், சந்தோஷமாகவே கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு கடை திறப்பதில்லை, ஆகவே வியாழன் பின்னேரம் காரை விட்டு வெள்ளி காலை பார்ப்பது என்றால் நேரத்தோடு போய்விடுங்கள். என்ன கார் என்பதை முதல் நாளே சொல்லி வைத்தால், பம்பை மாட்டுவதற்கு அதன் வாய்க்குப் பொருந்தும் வளையத்தை எடுத்து வைத்திருப்பார்.