எம்.சி.ஏ. படிக்கலாமா? அஞ்சுக்கு மூணரை நட்சத்திரம்

பாபநாசத்துலேர்ந்து பாசஞ்சர் ரயில்ல போய் வந்து, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில எம்.சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்ல முதுகலைப் படிப்பு) முடிச்சேன். கல்லூரி பேர் வேண்டாம், நான் மார்க் போடுறது கோர்ஸுக்கு.

முன்னாடி இது மூணு வருஷப் படிப்பு, 2020-21லேர்ந்து ரெண்டு வருஷம். பி.சி.ஏ. (இதே துறையில இளங்கலை) முடிச்சவங்களுக்கு முதல் செமஸ்டர்ல பாதி, ஏற்கெனவே மென்னு துப்புனதுதான். என் பக்கத்துல உட்கார்ந்திருந்த பி.எஸ்சி. கணிதக்காரி பிரிட்ஜ் கோர்ஸும் (கம்ப்யூட்டர் படிக்காம வந்தவங்களுக்கான அடிப்படைப் பாடம்) சேர்த்துப் படிச்சா. ரெண்டாவது செமஸ்டர்ல அல்காரிதம்ல என்னைத் தாண்டிப் போயிட்டா. மத்தபடி, ஜாவா புரோகிராமை ரெக்கார்டு நோட்டுல கையால எழுதிக் கையெழுத்து வாங்குற கொடுமைக்கு அரை நட்சத்திரம் கட்.

கடைசி செமஸ்டர் புராஜெக்ட்தான் உயிர். ரெடிமேடா விக்கிறாங்க, வாங்காதீங்க. எங்க ஊர் நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டையோட காத்துக் கிடக்குறவங்களுக்கு டோக்கன் கொடுக்குற ஒரு சின்ன ஆப் நான் செஞ்சேன். இன்டர்வியூல முதல் கேள்வியே, "ஒரே நேரத்துல ரெண்டு பேர் அழுத்தினா ஒரே நம்பர் ரெண்டு பேருக்கும் போயிடாதா?" ஒரு நேரத்துல ஒருத்தரை மட்டும் பதிவை மாத்த விடுற டேட்டாபேஸ் லாக் பத்தி அங்கதான் வாய் திறந்து பேசினேன். காசு கொடுத்து வாங்கினதா இருந்தா முழிச்சிருப்பேன்.

வேலை? நிறைய கம்பெனி விளம்பரத்துல "பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ."ன்னு ஒரே வரியில இருக்கும். அந்த வரியில நுழையத்தான் இந்த ரெண்டு வருஷம். ஐ.பி.பி.எஸ். நடத்துற வங்கி ஐ.டி. அதிகாரி தேர்வுக்கும் இந்தத் தகுதி செல்லும். கல்லூரி வாத்தியார் வேலைன்னா நெட் அல்லது செட் தகுதித் தேர்வு தனியா எழுதணும். உடனே சம்பளம் வேணும்ங்கிற வீடா? பி.சி.ஏ.வோடயே விப்ரோல சேர்ந்து, அவங்க செலவுல எம்.டெக். படிக்கிற திட்டம் இருக்கு, அதையும் பாருங்க. தஞ்சாவூர்ல 2024ல டைடல் நியோ ஐ.டி. பூங்கா திறந்தாச்சு, ஆனா என் செட்டுல பெரும்பாலானவங்க சென்னைக்குத்தான் ரயில் ஏறினோம்.

டான்செட் நுழைவுத் தேர்வு எழுதாம நேரா மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் போகாதீங்க. கவுன்சிலிங்ல கிடைச்சா செலவு குறையும். ஃபீஸை எத்தனை தவணையா கட்டலாம்னு சேரும்போதே எழுதி வாங்கிக்குங்க. குறுவை அறுத்துப் பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே முதல் தவணை கேட்டுடுவாங்க.